பழைய ஸ்ப்ளெண்டருக்கு இரிடியம் பிளக் போடலாமா?

நீடாமங்கலத்தான்

வணக்கம். அப்பா 2001-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை இப்போது நான் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து வயலுக்கு வெண்ணாற்றங்கரை வழியாக மூன்று கிலோமீட்டர், வாரத்தில் இரண்டு நாள் மன்னார்குடி. அவ்வளவுதான் ஓட்டம்.

காலையில் சோக் போட்டும் ஏழெட்டுக் கிக் அடிக்க வேண்டியிருக்கிறது. போன ஐப்பசி மழையில், பின்னால் யூரியா மூட்டையோடு வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. எஞ்சினில் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. வேட்டி நுனியில் துடைத்துப் போட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒரு வருடத்தில் இது மூன்றாவது பிளக்.

ஸ்பேர்ஸ் கடையில், முனை இரிடியம் உலோகத்தில் செய்த இரிடியம் பிளக் போடச் சொல்கிறார்கள். தொட்டாலே ஸ்டார்ட் ஆகும், மைலேஜும் ஏறும் என்கிறார்கள். விலை 650 ரூபாய். சாதா பிளக் 110. வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை, அதனால் செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் பலன் இருக்குமா? பழைய வண்டியில் போட்டவர்கள் சொல்லுங்கள்.

திருவையாறு 150

என் 2008 பல்சரில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. காலை ஸ்டார்ட்டிங் கொஞ்சம் சுலபமானது. மைலேஜ் மாறவே இல்லை. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதிப் பார்த்தேன். வாங்கினால் தெரிந்த கடையில் வாங்குங்கள். எனக்கு முதலில் 250 ரூபாய்க்கு ஒருவர் கொடுத்தது போலி. பெட்டியில் இரிடியம் என்று எழுதியிருந்தது, நடு முனையோ சாதா பிளக் அளவுக்குத் தடிமன்.

குடந்தைப் பட்டறை

தம்பி, 650 ரூபாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். கும்பகோணத்தில் பட்டறை வைத்து 24 வருடம் ஆகிறது. ஒரு வருடத்தில் மூன்று பிளக் கரியானால், குறை பிளக்கில் இல்லை. பிளக் உங்களுக்குத் தகவல் சொல்கிறது, அதைப் படிக்க வேண்டும்.

கழற்றிய பிளக்கை விரலால் தேயுங்கள். காய்ந்த கரியாகக் கண்மை போல ஒட்டினால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று குறைவாக வருகிறது. ஏர் ஃபில்டர், சோக், கார்புரேட்டர், இந்த வரிசையில் பாருங்கள். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலே வருகிறது. முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையும் வரும். அப்படி ஆயில் அடிக்கும் எஞ்சினில் எந்த விலை பிளக் போட்டாலும் அடைக்கத்தான் செய்யும்.

இன்னொன்று உங்கள் ஓட்டம். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் படிந்த கரி எரிந்துபோகும். நீங்கள் கரையில் இரண்டாவது, மூன்றாவது கியரில் போய் நிறுத்திவிடுகிறீர்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் வயல் வந்துவிடுகிறது. இது டெல்டாவில் எல்லா விவசாயி வண்டிக்கும் உள்ள தொல்லை. மன்னார்குடி போகும் நாளில் கொஞ்ச தூரம் டாப் கியரில் விட்டு ஓட்டுங்கள்.

இரிடியம் பற்றிக் கேட்டீர்கள். சாதா பிளக்கின் முனையில் இருக்கும் நிக்கல் 1455 டிகிரியில் உருகும், இரிடியம் 2446 டிகிரி வரை தாங்கும். அதனால் நடு முனையை 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. சாதா பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், தேய்மானமும் மெதுவாகத்தான். இதெல்லாம் உண்மை. ஆனால் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் சி.டி.ஐ. யூனிட்டும் நன்றாக இருக்கும் ஸ்ப்ளெண்டரில் சாதா பிளக்கே தேவையான பொறியைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் பவரோ மைலேஜோ பிளக்கில் இருந்து வராது. கரி பிடித்தால் இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது, அந்த மெல்லிய முனை கெட்டுவிடும். நடுவழியில் துடைத்துப் போடுகிற உங்களுக்கு அது சரிவராது.

அப்புறம், பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். இரவில் விளக்கை அணைத்து எஞ்சினை ஓடவிட்டால், கேப்பில் விரிசல் இருக்கும் இடத்தில் நீலப் பொறி தெரியும். அடைமழை மாதங்களில் என்னிடம் தள்ளிக்கொண்டு வரும் பல வண்டிகளில் கோளாறு இந்தக் கேப்தான். பிளக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் வண்டிக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாகை புல்லட்

பட்டறை அண்ணன் சொல்வது ஸ்ப்ளெண்டருக்குச் சரி. என்னிடம் இருப்பது சி.பி. பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) வைத்த பழைய புல்லட் 350. எங்கள் பக்கம் பாயிண்ட்டைப் 'பிளாட்டினம்' என்றே சொல்வார்கள், பிளாட்டினம் பிளக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடற்கரை உப்புக் காற்றில் பாயிண்ட் சீக்கிரம் கருத்துப்போய், பொறி பலவீனமாகும். அதில் இரிடியம் போட்டபோது வித்தியாசம் தெரிந்தது, நான்கு கிக் இரண்டானது. ஆனாலும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயிண்ட்டைச் சுத்தம் செய்வதை விடவில்லை.

நீடாமங்கலத்தான்

அண்ணா, நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரித்தேன். கரி காய்ந்துதான் இருந்தது, நீலப் புகை இல்லை. மனதுக்கு நிம்மதி.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே வைக்கோல் தூசி அப்பிக் கிடந்தது. மாசி அறுப்பில் மெஷின் ஓடிய வயலுக்குள்ளும், ரோட்டில் காய்ந்த நெல்லின் ஓரத்திலும் தினமும் ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. பிளக்கின் எண் கையேட்டில் இருப்பதைவிட ஒன்று கூடுதல். கடையில் கொடுத்ததை வாங்கி மாட்டியதுதான். எண் கூடினால் பவர் கூடுமா?

குடந்தைப் பட்டறை

கூடாது தம்பி. உங்களிடம் இருப்பது என்.ஜி.கே. என்றால், அதில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது, சூட்டைச் சீக்கிரம் எஞ்சின் தலைக்குக் கடத்திவிடும். மெதுவாக ஓடும் வண்டியில் அது 450 டிகிரியைத் தொடவே தொடாது. பாஷ் பிளக்கில் இது தலைகீழ். எண் ஏறினால் சூடான பிளக். கம்பெனி மாற்றும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். கையேட்டில் உள்ள எண்ணையே போடுங்கள், முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள். கையால் முழுவதும் திருகிய பிறகுதான் ஸ்பேனர், அதுவும் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். இதன் மரை 10 மில்லிமீட்டர்தான். ஹெட்டில் மரை போனால் ஆயிரக்கணக்கில் செலவு.

நீடாமங்கலத்தான்

மூன்று வாரம் ஆகிறது. புது ஃபில்டர், சரியான எண்ணில் 110 ரூபாய் பிளக், ஒயர் முனையும் வெட்டிப் போட்டேன். இரண்டாவது கிக்கில் எடுக்கிறது. நேற்று கழற்றிப் பார்த்தேன், முனை நன்றாகச் சுட்ட ரஸ்க் நிறத்தில் இருந்தது. அப்பா திண்ணையில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஐடிலிங் மட்டும் இன்னும் கொஞ்சம் குறைடா" என்றார். இன்று குறைத்துவிட்டேன். இன்னொரு சாதா பிளக் வாங்கி, துணியில் சுற்றி சைடு பாக்ஸில் வைத்திருக்கிறேன்.