குத்தகைப் பதிவு இல்லாததால் ஊரே காலியாகிறதா?

கடைமடை: திருவாரூர்ப் பக்கம் வாய்மொழிக் குத்தகையே அதிகம். வெள்ள நிவாரணம் பட்டாதாரருக்குப் போகிறது. உழுதவர் கடனோடு திருப்பூருக்குப் போகிறார். சட்டத்தில் வழி உண்டா?

வெண்ணாறு: உண்டு. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். சர்வே எண், பரப்பு, எல்லை, குத்தகை அளவு எல்லாம் இருக்க வேண்டும். குத்தகை ரசீது பலமான சான்று. பலர் ரசீதே வாங்குவதில்லை, மனு அங்கேதான் சறுக்குகிறது. சொந்த உடலுழைப்போ குடும்ப உழைப்போ இல்லாமல் முழுக்கக் கூலிக்கு விட்டுச் செய்பவர் 'பயிரிடும் குத்தகைதாரர்' ஆகமாட்டார்.

கடைமடை: நிலக்காரர் வெளியேற்றிவிட்டால்?

வெண்ணாறு: அந்த பயம் நியாயமானது. பயிரிடும் குத்தகைதாரரைக் காக்க 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் குத்தகைப் பாக்கி வைத்தால் அந்தக் காப்பு போய்விடலாம். குத்தகை கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சம்பாக்காலம்: பதிவுக்குக் காத்திராமல், விதைத்ததும் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கின் நகல், கேளுங்கள். பயிர்க் காப்பீடும் அரசு நெல் கொள்முதல் நிலையமும் அதைத்தான் கேட்கும். சம்பா காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அடங்கல் இருந்தும் மூட்டை திரும்பும். இந்த ஈரப்பத வரம்பில் தளர்வு வந்தாலும் பெரும்பாலும் மழைக்குப் பிறகே, தாமதமாக வருகிறது. அதற்குள் வியாபாரி குறைந்த விலைக்கு வாங்கிவிடுகிறார். குத்தகைக்காரரை ஊரைவிட்டுத் துரத்துவதில் இந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு.