123456789-இன் பகாக் காரணிகள்: 13717421-இல் வந்து நிற்கிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி (காரைக்குடி):
பள்ளிக் கணிதக் கண்காட்சிப் பலகைக்கு 12,34,56,789-இன் பகாக் காரணிகள் வேண்டும். இலக்கங்களைக் கூட்டினால் 45; 9-ஆல் வகுத்தால் ஈவு 1,37,17,421. பிறகு 7, 11, 13 மூன்றுக்கும் பொதுவான சோதனை (எண்ணைத் துண்டுகளாக வெட்டி, வலப்பக்கத்திலிருந்து மாறி மாறிக் கழித்துக் கூட்டி, வரும் விடை வகுபடுகிறதா என்று பார்ப்பது): 421 − 17 + 37 − 1 = 440. அப்படியென்றால் 11 வகுக்க வேண்டும். ஆனால் வகுத்துப் பார்த்தால் மீதி 3. எங்கே தப்பு? 100 வரையுள்ள பகா எண் எதுவுமே வகுக்கவில்லை. பகா எண் என்றே எழுதிவிடலாமா?

பதில் (தேவகோட்டை):
தப்பு கமாவுல இருக்கு சார். 7 × 11 × 13 = 1001. அதை வச்சு வந்த சோதனைங்கறதால வலப்பக்கத்துலேர்ந்து மும்மூணு இலக்கமாத்தான் வெட்டணும். நீங்க லட்சக் கமாவுலயே வெட்டிட்டீங்க. 13 | 717 | 421: 421 − 717 + 13 = −283. 7, 11, 13 எதுவும் போகாது.

பகா எண்ணுன்னு எழுதிடாதீங்க. வர்க்கமூலம் 3703.7, அதுவரைக்கும் பாக்காம முடிவு சொல்ல முடியாது.

பதில் (கண்டனூர்):
வரிசையாக வகுத்துப் போனால் 504-ஆவது பகா எண்ணில்தான் விடை கிடைக்கும். ஃபெர்மா முறையில், அதாவது எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி a² − b² = (a − b)(a + b) என்று பிரித்தால், இரண்டே படி. 8 இலக்கக் கால்குலேட்டரே போதும்.

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 3704. 3704² = 13719616; நம் எண்ணைக் கழித்தால் 2195. 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும், ஆகவே இது இல்லை. அடுத்து 3705² = 13727025; கழித்தால் 9604. அது 98². எனவே 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

123456789 = 3² × 3607 × 3803. 3607-ஐ 59 வரையும் 3803-ஐ 61 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் பகா எண்களே. மொத்தக் காரணிகள் 3 × 2 × 2 = 12.

கேள்வி (காரைக்குடி):
வந்துவிட்டது, நன்றி. பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது? எல்லா எண்ணுக்கும் இதே முறை போதுமா?

பதில் (கண்டனூர்):
ஆத்தங்குடிக் கல் 10-க்கு 10 பாவிய சதுரத் தரையை வரையச் சொல்லுங்கள். மூலையில் 3-க்கு 3 பெயர்த்தால் மிச்சம் 91 கல். நீட்டிக்கொண்டிருக்கும் 3-க்கு 7 துண்டை எடுத்துத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டினால் 7-க்கு 13 செவ்வகம். 3705-உம் 98-உம் செய்தது இதேதான்.

எல்லா எண்ணுக்கும் போதாது. இரு காரணிகளும் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தால்தான் வேகம். 1,00,00,001 = 11 × 909091; இதில் ஃபெர்மா முறை நாலரை லட்சம் படிக்கு மேல் இழுக்கும், சாதாரண வகுத்தலில் ஐந்தாவது பகா எண்ணிலேயே முடிந்துவிடும். அதனால் முதலில் சிறிய பகா எண்கள், பிறகே இது.

பதில் (தேவகோட்டை):
பலகையில இடம் இருந்தா 987654321-ஐயும் போடுங்க: 3² × 17² × 379721. முதல் எண்ணை 8-ஆல பெருக்கி 9 கூட்டினா இது வந்துடும். அதனால ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 9 மட்டுந்தான்.