ஜேர்மனியில் முதுமாணி கற்க விரும்பும் என் தங்கைக்காக ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் பெற்ற என் தங்கை, ஜேர்மனியில் மண்ணியல் சார்ந்த முதுமாணிக் கற்கைக்கு விண்ணப்பிக்கவுள்ளாள். மழை பெய்யும்போதெல்லாம் தேயிலைச் சரிவில் மண் கரைந்தோடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், இத்துறையில் அவளுக்குள்ள பற்றை நான் நன்கறிவேன்.

அங்கு பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் விசாவுக்காக, ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கொன்றில் (blocked account) வைப்பிலிட்டுக் காட்ட வேண்டியுள்ளது. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாவின் சேமலாப நிதியையும் என் சேமிப்பையும் சேர்த்தாலும் அது எட்டாத தொகை. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) அமைப்பின் அபிவிருத்தி சார்ந்த புலமைப்பரிசிலுக்குப் பொதுவாக இரண்டு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். அவளுக்கு ஒரு வருடமே நிறைந்துள்ளது.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது பெயர்ச் சிக்கல். சிங்களத்தில் எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒருவிதமாகவும், உயர்தரப் பரீட்சைச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் வேறுவிதமாகவும் உள்ளது. மலையகத்தில் பல குடும்பங்களுக்கு இது நேர்ந்திருக்கும் என்பதாலேயே இங்கு கேட்கிறேன்: சத்தியக் கடதாசி ஒன்றை இணைத்து இவ்வாறு விண்ணப்பித்தவர்களுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்டதா, அல்லது பிறப்புப் பதிவையே முதலில் திருத்த வேண்டியிருந்ததா? அதற்கு எத்தனை மாதங்கள் சென்றன? குளிர்காலப் பருவத்துக்கான விண்ணப்பங்கள் பல இடங்களில் ஜூலை 15 உடன் முடிவடைவதால், அனுபவமுள்ளவர்கள் விரைவில் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.