மின்சார காரில் ஊட்டி போய் இறங்கியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு மின்சார கார் ஓட்டியவர்களின் அனுபவம் எனக்கு வேண்டும். என் காரில் 30 யூனிட் பேட்டரி. அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கோவையிலிருந்து அழைத்துப் போகிறேன். வழியில் சார்ஜ் தீர்ந்து அவர்களை நிற்க வைத்துவிடக் கூடாது.

ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். ஆட்களோடு எடை 1,700 கிலோ என்றால், அந்த உயரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 9 யூனிட் போகும். தூரத்துக்கான செலவு தனி. திரையில் தெரியும் ரேஞ்ச் (இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு) அதுவரை ஓட்டியதை வைத்துச் சொல்வது; முன்னால் இருக்கும் மலை அதற்குத் தெரியாது. அதனால் பேட்டரி சதவீதத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.

இறக்கம்தான் கவலை. ரீஜென் பிரேக்கிங்கில் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும், சரி. ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. ரீஜென் குறைந்துவிடும், வேகத்தைப் பிடிக்கும் வேலை பிரேக் பேடுக்குப் போகும். குளிர்ந்த காலையில் இன்னும் குறையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மட்டுப்படும் என்று பழகியவருக்குக் கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

நீங்கள் எத்தனை சதவீதத்தில் இறங்கத் தொடங்குகிறீர்கள்? 80 சரியா, இன்னும் குறைவாகவா? ரீஜெனை அதிகபட்ச நிலையிலேயே வைப்பீர்களா? மேட்டுப்பாளையம் சேரும்போது சார்ஜ் எவ்வளவு ஏறியிருந்தது? அப்புறம், வண்டியின் மாடல், எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.