இரவு லோடும் நெஞ்சுப் படபடப்பும்: பயப்பட வேண்டியதற்குத்தானே பயப்படுகிறேன்?

கேள்வி – பாலக்கோடு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் இராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு, வாரத்தில் நான்கு இரவுகள் தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலத்துக்கு வண்டி ஓட்டுகிறார். தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கிளம்பியதும் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது. உள்ளங்கை வியர்த்து, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைக்கிறேன். அவர் குரலைக் கேட்டதும் சற்று அடங்குகிறது, பிறகு முன்னைவிட அதிகமாகிறது. இப்போது பிள்ளையின் பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதமானாலும், மாமியார் இரண்டு முறை இருமினாலும் இதே நிலைதான். ஏழெட்டு மாதங்களாக இப்படி இருக்கிறது. இ.சி.ஜி. எடுத்ததில் கோளாறு இல்லை என்றார்கள்; கயிறு மந்திரித்துக் கட்டியும் பார்த்தாயிற்று. வேலையில்லாமல் இருப்பதால் வரும் நினைப்பு என்கிறார்கள் வீட்டில் (இரண்டு மாடுகளையும் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு வேலையில்லையாம்). ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது, என் பயத்தை மட்டும் நோய் என்பது எப்படிச் சரியாகும்?

மறுமொழி 1 – தருமபுரி, உளவியல் ஆலோசகர்

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. தொப்பூர் ஆபத்தானது என்பது உண்மை. ஆனால் நீங்கள் பாலக்கோட்டில் விழித்திருப்பதால் அந்த இறக்கத்தின் சரிவு குறைவதில்லை. ஆபத்தைக் கண்டால் உடல் அட்ரினலினைச் சுரந்து, இதயத்தை வேகமாக்கி, ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. மனத்தில் ஓடும் காட்சிக்கும் அது அதே ஆயத்தத்தைச் செய்கிறது. பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்குக் கீழே குறைகிறது. விரல் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

நான் அதிகம் கவலைப்படுவது அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றித்தான். ஒவ்வொரு அழைப்பும் பதற்றத்தை உடனே தணிப்பதால், "அழைத்ததனால்தான் தப்பித்தோம்" என்று மனம் பாடம் கற்றுக்கொள்கிறது. அழைக்காமல் இருந்தாலும் பதற்றம் ஓர் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆகவே ஒரேயடியாக நிறுத்தாமல், முதல் வாரம் பத்து நிமிடத்தை முப்பது நிமிடமாக்குங்கள். அந்த இடைவெளியில் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். பிறகு இடைவெளியை மேலும் கூட்டலாம்.

இன்னொன்று: தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், அந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் முதலில் செய்துகொள்ளுங்கள். பல விஷயங்களைப் பற்றிய கட்டுக்கடங்காத கவலை ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் நீடித்தால் அதைப் பொதுப் பதற்றக் கோளாறா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். நீங்கள் அந்தக் காலக்கெடுவைக் கடந்துவிட்டதால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மறுமொழி 2 – லாரி ஓட்டுநர்

தங்கச்சி, இருபது ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஓட்டுபவன் என்ற முறையில் ஆலோசகர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இறக்கத்தில் வண்டிக்காரனுக்குப் போன் அடிப்பதே ஆபத்து. முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை என்றாலும் ஓர் அழைப்பு சரியாக அந்த இறக்கத்திலுள்ள கட்டமேட்டில் போய் விழும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாமல், கீழ்க் கியரிலேயே இறங்குகிறாரா என்பதைப் பகலில், அவர் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். பிரேக்கைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்றும் கேளுங்கள். ஓமலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது அவரே ஒரு முறை அழைக்கட்டும். உங்கள் பயத்தால் அவருக்கு ஆகும் உபகாரம் அவ்வளவுதான்.

மறுமொழி 3 – காவேரிப்பட்டணம், மா விவசாயி

எனக்கு இது பெங்களூரா மாங்காயின் விலையில் தொடங்கியது. அறுவடை நேரத்தில் கூழ் ஆலைகள் என்ன விலை சொல்லுமோ என்ற யோசனை, பூப்பூக்கும் தை மாதத்திலேயே தூக்கத்தைக் கெடுத்தது. மூச்சுப் பயிற்சி எனக்கு உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சைக் கவனிக்கக் கவனிக்க அதுவே இன்னொரு கவலையாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதைப் பால் கணக்கு நோட்டில் எழுதிவைத்து, அந்த நேரத்தில் மட்டும் எடுத்துப் பார்த்ததுதான் உதவியது. பாதிக்கு மேற்பட்டவை ஆறு மணிக்குள் கவலை என்ற தகுதியையே இழந்திருந்தன.

பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போனேன். கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. அதுவரை பொறுத்திருந்ததும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாததும் சரியான முடிவுகள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வெளியே போக முடியாத இரவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த இலவசச் சேவையில் இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

கேட்டவரின் பதில் – மூன்று வாரம் கழித்து

பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. இரத்தசோகை இருப்பதாகச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனநல மருத்துவரை அடுத்த வியாழக்கிழமை பார்க்கிறேன், கணவரும் வருகிறார். லாரி ஓட்டுநர் அண்ணன் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, என் அழைப்பை எடுப்பதற்காக இரண்டு முறை இறக்கத்திலேயே ஓரம் கட்டியதாகச் சொன்னார்; இத்தனை நாளும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது ஓமலூரிலிருந்து அவரே அழைக்கிறார். அதுவரை போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுகிறேன். முதல் நான்கு இரவுகளும் கொடுமையாக இருந்தன, ஐந்தாவது இரவு அவர் அழைத்தபோது நான் தூங்கிப்போயிருந்தேன்.