புதுப்பிப்பு: கொட்டியாரக் குடாவும் நரம்பு வலையமைப்பும்

திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் வற்றுப்பெருக்கைக் கணிக்கப் பழைய எண்சார் முறையா, இயற்பியல் விதிகளைப் பயிற்சியிலேயே புகுத்தும் நரம்பு வலையமைப்பா (தரவிலிருந்து தானே கற்கும் கணினி மாதிரியா) என்று என் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

நீரோட்டக் கணிப்பு, கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பழைய முடிவுறு வேறுபாட்டு முறைக்கே போய்விட்டது. 2019இல் ராய்சி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாக முன்வைத்த இந்த வகை நரம்பு வலையமைப்பு, மெல்ல மாறுவதையே முதலில் கற்கிறது. குடாவின் அடியிலுள்ள கடற்பள்ளத்தாக்கு திடீரென ஆழமாகும் விளிம்பில் பிழை இறங்க மறுக்கிறது. அலைவேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தோடு மாறுவதால் தொல்லை அங்கேயே குவிகிறது.

ஆனால் சொற்ப அளவீடுகளிலிருந்து அடித்தள உராய்வுக் குணகத்தை (கடலடித் தரை நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணை) பின்னோக்கிக் கண்டுபிடிப்பதில் அதே வலையமைப்பு கெட்டிக்காரன். நேர்க்கோட்டில் மட்டும் சிந்திக்கும் என் மேற்பார்வையாளரே சம்மதித்துவிட்டார். உராய்வு அத்தியாயத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.