புதுப்பிப்பு: மாமரத்தின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தது ஏன்?

எங்கள் மாமரத்தின் தெற்குக் கிளைகளில் மட்டும் இலை சிறுத்து, நுனி காய்ந்து வருவதாக முன்பு எழுதியிருந்தேன். உரம் வைக்கச் சொன்னவர்களே அதிகம். அடிமண்ணை விலக்கிப் பார்க்கச் சொன்ன ஒருவரின் வாக்குப் பலித்தது, உரக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

மண்வெட்டியைத் தொடவில்லை. மூங்கில் குச்சியால் கிளறி, தண்ணீர் பீய்ச்சி, பழைய பிரஷ்ஷால் துடைத்தேன். முற்றத்தை உயர்த்தக் கொட்டிய செம்மண்ணே ஒரு சாண் இருந்தது. அடிமரம் வேர்ப்பக்கம் விரியாமல், விளக்குக் கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கியது அதனால்தான். அதற்கும் கீழே, கட்டைவிரலைவிடப் பருத்த வேர் ஒன்று தெற்குப் பக்கத்தை வளைத்து இறுக்கியிருந்தது. நாற்றுப் பைக்குள் சுழன்ற வேர், நட்ட பிறகும் அப்படியே பருத்திருக்கிறது. அழுத்திய இடத்தில் பட்டை பள்ளமாகிக் கறுத்திருந்தது.

உளியால் இரு முனையிலும் வெட்டினேன். மரத்தோடு ஒட்டிய துண்டைப் பிடுங்கவில்லை. பட்டையும் சேர்ந்து உரிந்துவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு வளைந்த வேர் உண்டு. அது இன்னும் இறுக்கவில்லை, மரத்துக்கு நீரும் தருகிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம். வேர்கள் பிரியும் இடத்தை மீண்டும் மூடவில்லை, மண்ணின் ஈரம் காக்கப் பரப்பிய மூடாக்கும் அடிமரத்தைத் தொடாமல் தள்ளியே கிடக்கிறது. பட்டுப்போன நுனிகள் இனித் துளிர்க்காது. மற்ற கிளைகளின் தளிர் எந்த அளவில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.